சனிக்கிழமைக் குளியலில் என் பக்கத்து நியாயம்

நான் சுத்தமானவன். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பது வெட்கம்தான். ஆனால் எனக்காக வேறு யாரும் சொல்லப்போவதில்லை என்பது ஏறக்குறைய நாற்பது வருட அனுபவத்தில் தெரிந்துவிட்டது. ஜப்பானில் ஒரு வெந்நீர் ஊற்றையே நாசம் செய்துவிட்டு வந்தவன் என்று என் குடும்பத்தார் கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்து சொல்லிச் சிரிக்கிறார்கள். அது சுத்தப் பொய். நான் நாசம் செய்தது ஒரே ஒரு தொட்டியைத்தான். அதுவும் பெரிய தொட்டி இல்லை. பதினைந்து பேர் உட்காரலாம், அவ்வளவுதான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஜப்பானைப் பார், ஜப்பானைப் பார் என்று மலேசிய அரசாங்கம் எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்த காலம். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜப்பானே எங்களைப் பார்க்க வந்துவிட்டது. ரவாங் பக்கத்தில் ஒரு செம்மண் மேட்டைச் சமப்படுத்தித் தொழிற்சாலை கட்டினார்கள். கேசட் ரெக்கார்டருக்குள் சுற்றுகிற கட்டைவிரல் அளவு மோட்டார்களைச் செய்யும் தொழிற்சாலை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்திலிருந்து விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, லோரிகள் இறைத்த புழுதியைத் தின்றுகொண்டு நான் தினமும் அங்கே போய்வந்தேன். இரண்டு வருடம் ஒரு நாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. (இதையும் யாரும் பந்தியில் சொல்வதில்லை.)

அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஆறு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்ப இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவன் நான். இன்னொருவன் தஞ்சோங் காராங்கைச் சேர்ந்த சுல்கிப்லி. திரும்பி வந்ததும் எங்களில் ஒருவருக்குத்தான் சூப்பர்வைசர் பதவி. சூப்பர்வைசர் ஆகிறவருக்கு, ரவாங்குக்கு அடுத்த செரண்டாவில் கம்பெனி வீடு கிடைக்கும்.

அந்த வீடுதான் என் பிரச்சினை. அப்பா நான் பள்ளியில் படிக்கும்போதே இறந்துபோய்விட்டார். அம்மா தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மறு வருடம் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. ஐம்பத்தைந்து முடிந்தால் வேலையும் முடியும், தோட்டம் கொடுத்திருந்த லயத்து வரிசை வீட்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அதை இரண்டு தடவை நினைவுபடுத்திவிட்டார். சுல்கிப்லிக்கு அப்பாவின் நெல் வயலும், அதன் கரையில் சொந்த வீடும் இருந்தன. அவனுக்கு அந்தப் பதவி வெறும் பதவி. எனக்கு அது அம்மாவின் தலைக்கு மேல் ஒரு கூரை.

கிளம்புகிற நாளில் அம்மா என் பெட்டியைத் தாமே அடுக்கினார். பாசிர் பெனம்பாங்கில் வாங்கிய நெத்திலிக் கருவாடு, மிளகாய்த் தூள், எலுமிச்சை ஊறுகாய். இவற்றுக்கு நடுவில் என் சட்டைகளைச் சுற்றி, சர்பத் இருந்த சிராப் போத்தல் ஒன்றில் நல்லெண்ணெய். ஒரு பால்மாவு டின் நிறைய சீயக்காய்த் தூள். ஜப்பானில் சவர்க்காரம் விற்கிறார்கள் அம்மா என்றேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“குளுரு ஊருய்யா அது. ஒடம்புச் சூடு வெளிய போவ வழியில்லாம உள்ளாரயே தங்கிப்போவும். சனிக்கெழம தவறாம எண்ண தேய்ச்சுக் குளிச்சிரு.”

குளிர் நாட்டில் உடம்பு எப்படிச் சூடாகும் என்று நான் கேட்கவில்லை. தலையை ஆட்டினேன். அம்மாவிடம் தலையாட்டியது சத்தியம் செய்ததற்குச் சமம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஜப்பானில் எங்களுக்குக் கொடுத்த விடுதி அறையில் குளிக்குமிடம் ஓர் அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கையை மடக்கினால் முழங்கை சுவரில் இடிக்கும். ஒன்பது வாரம் எண்ணெய்க் குளியல் இல்லாமல் ஓடியது. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தோட்டத்துப் பள்ளி வாத்தியார்தான் அவர் சொல்லச் சொல்ல எழுதி அனுப்புவார். ஒவ்வொரு கடிதத்திலும் நலம் விசாரிப்பதற்கு முன்பே எண்ணெய் விசாரிப்பு வந்தது. வாத்தியார் அதை அழகான தமிழில் எழுதியிருப்பார்: ‘தாங்கள் எண்ணெய் ஸ்நானம் செய்து வருகிறீர்களா என்று தங்கள் தாயார் அறிய விரும்புகிறார்.’

இந்த நிலையில்தான் எங்கள் பிரிவில் வேலை செய்த எல்லோரையும் ஒரு வெந்நீர் ஊற்று ஊருக்கு அழைத்துப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. வருடத்துக்கு ஒரு முறை போவார்களாம். இரண்டு இரவு. சனிக்கிழமை கிளம்புகிறோம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் ஒகாடா சான். ‘சான்’ என்பது நாம் ‘ஐயா’ போடுவது மாதிரி. ஐம்பது வயது, குட்டையான உருவம், போத்தல் அடி மாதிரி கனத்த மூக்குக் கண்ணாடி. அவர் நடந்து வந்தால் நாற்பது பேர் முதுகை நிமிர்த்துவார்கள். எனக்கும் சுல்கிப்லிக்கும் மதிப்பீட்டு அறிக்கை எழுதப்போகிறவர் அவர்தான். அதனால் நான் அவர் தும்மினால்கூடக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன்.

மலைக்கு நடுவில் ஒரு சின்ன ஆறு, ஆற்றின் இரு கரையிலும் மொத்தம் ஏழே ஏழு மர விடுதிகள். அதுதான் ஊர். நடமாட்டமே இல்லை. சாக்கடையிலிருந்துகூட ஆவி வந்துகொண்டிருந்தது. எங்கள் விடுதியின் வாசலில் அதன் முதலாளி அம்மாள் கிமோனோ கட்டிக்கொண்டு மண்டியிட்டு எங்களை வரவேற்றார். காலணியைக் கழற்றச் சொல்லி ஒருவர் எங்களுக்குச் செய்து காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவதைப் பற்றி எங்களுக்கு ஒருவர் பாடம் எடுக்க வேண்டுமா? சரி, விருந்தாளி, பொறுத்துக்கொண்டேன்.

அறைக்குள் போனால் கட்டில் இல்லை. பாய். கால் இல்லாத நாற்காலி. எங்கள் லயத்தில் ஒரு கட்டில் வாங்க அம்மா எத்தனை வருடம் சீட்டுக் கட்டினார் தெரியுமா? அந்தக் கட்டிலிலிருந்து இறங்கி விமானம் ஏறி வந்தவனை, தரையில் படு, இதுதான் எங்கள் உயர்ந்த பாரம்பரியம் என்றார்கள். நான் பிறந்ததிலிருந்து இந்தப் பாரம்பரியத்தில்தான் இருந்தேன். யாரும் என் முன்னால் மண்டியிடவில்லை.

இதையெல்லாம் மன்னித்திருப்பேன். அதற்குப் பிறகுதான் ஒகாடா சான் எங்கள் அறைக்கு வந்து குளிக்கும் முறையைப் பற்றி விளக்கினார். பாதி ஆங்கிலத்தில், மீதி கையால். ஆண்கள் எல்லோரும் ஒன்றாகக் குளிக்க வேண்டும். உடம்பில் துணி கூடாது. ஒன்றும் கூடாது. கைக்குட்டை அளவு ஒரு துண்டு தருவார்கள், அதையும் தண்ணீரில் நனைக்கக் கூடாது, தலையில் வைத்துக்கொள்ளலாம்.

தலையிலாம்! மறைக்க வேண்டிய இடம் அதுவா?

நீங்கள் தோட்டத்தில் வளர்ந்திருந்தால் என் நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லயத்துக் குழாயடியில் ஊரே பார்க்கத்தான் குளித்தோம். ஆனால் கைலியோடு குளித்தோம். ஈரக் கைலிக்கு மேல் காய்ந்த கைலியைப் போட்டு, ஈரக் கைலியை உருவுகிற வித்தை எங்களுக்கு ஆறு வயதில் வந்துவிடும். அதற்குப் பிறகு என்னை முழுசாகப் பார்த்தவர் யாரும் கிடையாது. இப்போது என் அறிக்கையை எழுதப்போகிறவரே பார்ப்பதா?

சுல்கிப்லி கையைத் தூக்கினான். தன் மதத்தில் அப்படி மற்றவர் முன் குளிக்க அனுமதி இல்லை என்று பணிவாகச் சொன்னான். ஒகாடா சான் உடனே தலை குனிந்து மன்னிப்புக் கேட்டு, அவனுக்கென்று ஒரு தனிக் குளியலறைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். இந்த விஷயத்தில் என் மதம் என்ன சொல்லியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்துப் பூசாரி சாமியைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்திக்கொண்டவர். எனக்குப் பிரச்சினை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? பயம். சங்கடப்படுகிறவன் சூப்பர்வைசர் ஆக முடியுமா என்ற பயம்.

ஒகாடா சான் திருப்தியாகச் சிரித்தார். முதலில் நன்றாகக் கழுவ வேண்டும், மிக மிக நன்றாக. அதற்குப் பிறகு தொட்டியில் இறங்க வேண்டும் என்றார். “இறங்கி இருபது நிமிடம் இரு. உடம்புக்குள் சூடு போகும். கட்டாயம் இறங்கு, மணியம் சான்.” இறங்கு என்பதை மூன்று முறை சொன்னார். தயவுசெய்து இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வழக்கே இதில்தான் இருக்கிறது. என்னை என்போக்கில் விட்டிருந்தால் அந்தத் தொட்டியை நான் அண்டாவாகத்தான் நினைத்திருப்பேன். தள்ளி உட்கார்ந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். அண்டாவுக்குள் இறங்குகிற பழக்கம் எங்களுக்கு இல்லை.

சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். யாரும் இல்லாத நேரத்தில் குளித்து முடித்துவிட்டால் மானமும் தப்பும், ஒகாடா சான் சொன்னபடி இறங்கினதாகவும் ஆகும். அன்றைக்குச் சனிக்கிழமை என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஆளில்லாத குளியலறை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர், சனிக்கிழமை. பெட்டியைத் திறந்து போத்தலையும் டின்னையும் எடுத்துக்கொண்டேன். ஒன்பது வாரப் பாவத்தை ஒரே நாளில் கழுவிவிடலாம் என்று மனம் துள்ளியது.

மலைப் பாறைகளை அடுக்கிக் கட்டிய அருமையான தொட்டி அது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். நான் முதலில் ஓர் ஓரத்தில் முக்காலியில் உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு இரண்டு முறை தேய்த்துக் குளித்தேன். காதுக்குப் பின்னால்கூட விடவில்லை. ஒகாடா சான் சொன்னபடி மிக மிக நன்றாகக் கழுவினேன். அதற்குப் பிறகுதான் எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

இங்கேதான் எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்க வேண்டும்? அவர் கழுவச் சொன்னது அழுக்கை. எண்ணெய் அழுக்கா? எண்ணெய் மருந்து. அது உடம்பில் ஊறுவதற்குச் சூடு வேண்டும். நம் ஊரில் அதற்காக வெயிலில் உட்காருவோம். அங்கே வெயில் இல்லை, வெந்நீர் இருந்தது, உடம்புக்குள் சூடு போகும் என்று பிரிவுத் தலைவரே உறுதி கொடுத்திருந்தார். ஒன்பது வாரத்துக்கும் சேர்த்து உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அரைப் போத்தல் தேய்த்தேன். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு தொட்டியில் இறங்கினேன்.

சுகம் என்றால் அப்படி ஒரு சுகத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. கண்ணை மூடி இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பிறகு தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்து, மர வாளியில் சீயக்காயைக் குழைத்துத் தலையிலும் உடம்பிலும் அழுத்தித் தேய்த்தேன். தொட்டியிலிருந்தே மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டேன். எங்கள் குழாயடியில் ஊற்றுகிற தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும். இங்கே எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. இது ஒன்றை மட்டும் என் தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

அது தொட்டிக்கேதான் போய்க்கொண்டிருந்தது.

தண்ணீரின் மேல் மழைநாளில் பெட்ரோல் நிலையத்துத் தரையில் தெரிகிற மாதிரி ஏழு நிறமும் மிதந்தது. கரையோரம் பழுப்பு நுரை. என் புதுக் கைலியின் ஊதாச் சாயம் ஒரு மூலையில் தனியாகப் பரவிக்கொண்டிருந்தது. (சாயம் போகாது என்று கோல சிலாங்கூர்க் கடைக்காரர் சொல்லித்தான் விற்றார்.) இதையெல்லாம் நான் பார்த்து உணர்ந்த அதே நொடியில் கதவு திறந்தது. ஒகாடா சான் உள்ளே வந்தார். தலைவலிக்காரன் தனியாக இருக்கிறானே என்று பாதி வழியில் திரும்பி வந்திருக்கிறார் மனிதர்.

அவர் உடம்பில் துணி இல்லை. அதைவிட முக்கியம், மூக்குக் கண்ணாடியும் இல்லை. ஆவியில் மங்கிவிடும் என்று வெளியே கூடையில் வைத்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு மலையும் தெரியாது, மணியமும் தெரியாது. சத்தம் வைத்து என்னைக் கண்டுபிடித்து, நல்ல இடம் இல்லையா என்று கேட்டார். நான் இறங்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த மொழியும் வரவில்லை. அவர் தன் பங்குக்குக் கழுவி முடித்து, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஆனந்தமாக ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு மூக்கைச் சுருக்கி, சமையல் வாசனை அருமையாக வருகிறது என்றார்.

அங்கே நல்லெண்ணெய் சமையலுக்கு மட்டும்தான். அதனால்தான் காரியம் கெட்டது. அதே வாசனையை முகர்ந்த விடுதிச் சமையற்காரர் தன் எண்ணெய்ப் போத்தலை யாரோ கவிழ்த்துவிட்டார்கள் என்று மாடியெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒகாடா சான் இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். அது நான் உட்கார்ந்திருந்த பக்கத்துத் தண்ணீர். சீயக்காய் கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். நாம் குழந்தையிலிருந்து பழகியவர்கள். ஐம்பது வயதில் முதல் முறையாக அதைச் சந்திக்கிற ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் கத்தவில்லை. அதுதான் பயங்கரம். வாயை இறுக மூடிக்கொண்டு துடித்தார். நான் பதறிப்போய் வாளியில் தண்ணீர் மொண்டு அவர் கண்ணில் ஊற்றினேன். எதிலிருந்து மொண்டேன் என்று கேட்காதீர்கள்.

அவர் தட்டுத் தடுமாறிக் கரை ஏறினார். கரையெல்லாம் எண்ணெய். நாற்பது பேர் முதுகை நிமிர்த்தும் அந்த மனிதர் மெதுவாக, மரியாதையாக, ஆனால் நிற்கவே முடியாமல் வழுக்கிப் போய்த் தரையில் உட்கார்ந்தார். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஓடி வந்தார்கள். முதலாளி அம்மாள், சமையற்காரர், நடைபோய்த் திரும்பிய எங்கள் ஆட்கள், எல்லோரும். அந்த அம்மாள் ஆண்கள் குளிக்குமிடம் என்று ஒரு கணமும் தயங்கவில்லை. ஒகாடா சானின் கண்ணைக் குழாய்த் தண்ணீரில் கழுவினார், தோளைப் பிடித்துத் தூக்கினார். அந்தக் குளியலறையில் குளிக்க வந்து மானத்தோடு நின்றிருந்தவன் கைலி கட்டிய நான் ஒருவன்தான். அதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கதவருகில் நின்ற சுல்கிப்லி தொட்டியைப் பார்த்தான், போத்தலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“மாத்தி லா நீ, மணியம்” என்றான். செத்தாய் என்று அர்த்தம்.

தொட்டியை முழுக்க இறைத்தாக வேண்டும் என்றார்கள். ஊற்றுத் தண்ணீர் நூல் மாதிரிதான் வருமாம், மறுபடி நிறைய மறுநாள் மத்தியானம் ஆகிவிடும். அந்த ஊருக்கு வருகிறவர்கள் குளிப்பதற்கென்றே வருகிறவர்கள். விடுதி நிறைய ஆட்கள். ஒருவருக்கும் குளியல் இல்லை.

சரி, இனி திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். எங்கள் தோட்டமாக இருந்தால் வேலை வாங்குகிற மண்டோர் என் மூன்று தலைமுறையையும் வரிசையாகக் கூப்பிட்டு ஏசியிருப்பார். ஐந்து நிமிடத்தில் காற்று இறங்கியிருக்கும், ஆறாவது நிமிடம் தேத்தண்ணீர் குடிக்கப் போயிருப்போம். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதலாளி அம்மாள் என் முன்னால் மண்டியிட்டு, சரியாக விளக்கிச் சொல்லாதது தங்கள் குற்றம் என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்! தப்புச் செய்தவனைத் திட்டுவதுதானே அவனுக்குக் கொடுக்கிற மரியாதை? நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதோடு விட்டார்களா? கண் இரண்டும் சிவந்து வீங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்த ஒகாடா சான், அந்த அம்மாளின் எதிரில் பாயில் உட்கார்ந்து, நெற்றி தரையில் படக் குனிந்தார். எனக்காக. நிமிரவே இல்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்த முதுகைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே இருந்தது கோபம்தான். இந்த ஊர் மேல், இந்தப் பாய் மேல், அந்த எண்ணெய்ப் போத்தல் மேல், தலையாட்டிய என் மேல். வெளியே வரும்போது அது அழுகையாக வந்தது. அம்மாவின் வீடு போய்விட்டது என்று அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைய சாப்பாட்டில் பச்சை மீனும் ஐஸ் போட்ட பானமும் வைத்தார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று குளிர்ச்சியே ஆகாது. இனி என்ன ஆனால் என்ன என்று எல்லாவற்றையும் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டிப் பார்த்தபோது, வற்றிய தொட்டிக்குள் நான்கு பேர் பிரஷ் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பாறை சொரசொரப்பானது, நுண்ணிய ஓட்டை நிறைந்தது. சவர்க்காரம் போடப் போட எண்ணெய் வழுவழுவென்று உள்ளே ஒளிந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நல்லெண்ணெயை எதை வைத்து எடுப்பது என்று அந்த மாநிலத்திலேயே தெரிந்தவன் நான் ஒருவன், என்னைப் போய் விருந்தாளி என்று உட்காரவைத்திருக்கிறார்களே! டின்னில் மிச்சமிருந்த சீயக்காயோடு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் குதித்தேன். அந்த அம்மாள் பதறிக்கொண்டு வேண்டாம் வேண்டாம் என்று கும்பிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கல்லாகத் தேய்த்தேன். சுல்கிப்லி வந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். பதவிக்குப் போட்டி போட்டவன் அவன். அதை நான் மறக்கவில்லை.

முடிக்கும்போது முழங்கால் தோல் உரிந்திருந்தது. கல்லை விரலால் தேய்த்தால் கிரீச் என்று சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒகாடா சான் வாசலில் நின்று, வீங்கிய கண்ணோடு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. பிறகு திரும்பிப் போய்விட்டார்.

அன்று இரவுத் தங்கலுக்கு எங்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு விடுதிக்கு மாற்றினார்கள். ஏழே விடுதி உள்ள ஊரில் செய்தி நடந்து போகவில்லை, பறந்து போயிருந்தது. வாசலில் மண்டியிட்ட பெண்கள் மற்ற எல்லோரையும் பார்த்துச் சிரித்தார்கள். என்னை மட்டும் மேலிருந்து கீழ்வரை, கனிவோடு, என் பையையும் சேர்த்துப் பார்த்தார்கள். எனக்குத் தனி அறை. அதற்குள்ளேயே எனக்கு மட்டும் ஒரு சின்ன மரத் தொட்டி. கதவுக்கு வெளியே துண்டோடு ஒரு பெண்மணி, நான் குளித்து முடிக்கும்வரை நகரவில்லை. அது உபசாரமா காவலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இந்தத் தனித் தொட்டியை முந்தின நாளே கொடுத்திருந்தால் யாருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

மிச்சப் பயிற்சிக் காலத்தில் ஒகாடா சான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஊருக்கு வந்து, ரவாங் தொழிற்சாலையில் மேனேஜரின் அறைக்குப் போய், என் அறிக்கை வந்துவிட்டதா என்று கேட்டேன். வந்திருந்தது. அவர் அதைப் படித்துக் காட்டினார்.

எங்கள் மோட்டார்களில் முக்கியமான பாகத்தைப் பொருத்துவதற்குத் தூசி புகாத ஒரு தனி அறை கட்டியிருந்தார்கள். அங்கே ஒரு துளி எண்ணெய் பட்டாலும் மோட்டார் கெட்டுவிடும். தலைமுடியில் எண்ணெய் வைத்துக்கொண்டு வருகிறவர்களை என்ன செய்வது என்று அவர்கள் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒகாடா சான் எழுதியிருந்தது இதுதான்: “அந்த அறைக்கு மணியத்தைச் சூப்பர்வைசராகப் போடவும். ஒரு துளி எண்ணெய் என்ன செய்யும் என்பதை நம் கம்பெனியில் இவர் ஒருவர்தான் சாகும்வரை மறக்க மாட்டார். மேலும், கெட்டதை இவர் தாமே கழுவுகிறார்.”

மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதில் நான் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. இருபத்தோரு வருடம் அந்த அறை வாசலில் நின்று வருகிறவர் போகிறவர் தலையை முகர்ந்து பார்த்தேன். மற்ற லைனுக்குச் சூப்பர்வைசராக அடுத்த வருடம் சுல்கிப்லி வந்தான். அவனுக்கு மோட்டார், எனக்கு மண்டை.

ஆனால் செரண்டாவில் வீடு கிடைத்தது. அம்மா லயத்துச் சாவியைக் கிராணியிடம் நீட்டிவிட்டு, தலை நிமிர்ந்து லோரியில் ஏறினார். நடந்ததையெல்லாம் நான் அவரிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், தொட்டியிலிருந்து எழுந்ததும் தலையை நன்றாகத் துவட்டினேனா என்று. புது வீட்டில் பால் காய்ச்சின அன்று அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, இவ்வளவு நல்ல வீடு எப்படிக் கிடைத்தது என்று விசாரித்தார்கள். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“எம் மவன் ஜப்பான்ல போயிக் குளிச்சான். அதுக்குக் குடுத்தாங்க.”

இரண்டு வருடம் மோட்டார் சைக்கிளில் புழுதி தின்றதையும், ஆறு மாதம் ஊசி மாதிரிக் கம்பியைச் சுற்றிக் கண் பூத்ததையும் நான் எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன். அவர் காதில் விழவில்லை. கண்ணை மூடும்வரை, வந்தவர் எல்லோருக்கும் அதே பதில். கம்பெனி அந்த வீட்டை எங்களுக்கே விற்றபோதும் அதே பதில். பிறகு என் மனைவி பிடித்துக்கொண்டாள், அவளிடமிருந்து பிள்ளைகள். எங்கள் தெருவில் வழி கேட்டால் ‘குளிச்சு வாங்குன வீடா?’ என்று கைகாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

போன மாதம் பேரன் பள்ளியிலிருந்து கட்டுரை நோட்டை எடுத்து வந்தான். ‘என் வீடு’ என்பது தலைப்பு. முதல் வரியிலேயே எழுதியிருக்கிறான்: ‘எங்கள் வீடு செரண்டாவில் உள்ளது. இது என் தாத்தா குளித்ததற்காகக் கிடைத்த வீடு.’ அதற்கு அடியில் ஆசிரியை சிவப்பு மையில் கோடு போட்டு, ‘விளக்கம் தேவை’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்.

டீச்சர், இதுதான் விளக்கம்.